கிளினிக்குக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்

சின்ன ஊர் கிளினிக்கில் மாலை டாக்டர் வந்து உட்காரும்போதே முப்பது நாற்பது டோக்கன் போயிருக்கும். நம் முறை வந்தால் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதில் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், என் அம்மா "சின்னதா, வெள்ளையா ஒண்ணு" என்பார். பாதி மாத்திரைகள் சின்னதாக, வெள்ளையாகத்தானே இருக்கின்றன!

இப்போது வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும், காலியானதைக்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போகிறோம். கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டில் பெயர் இல்லாவிட்டால் பில்லைக் காட்டலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், டோலோ, கால்பால், குரோசின் என்று பெயர்தான் வேறு. உள்ளே இருப்பது பாரசிட்டமால். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

அப்புறம், காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வாமை இருந்தால் ஊசி போடும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் மட்டும் டோக்கனுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே உள்ளே சொல்லுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.