காய்ச்சல் நாலு நாள், மூட்டுவலி இரண்டு வருஷம்: சிக்குன்குனியாவுக்குப் பிறகு செய்யக்கூடாதவை

போன வாரம் அலுவலகத்தில் ஒரு தம்பி தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தார். கை வலியா என்று கேட்டேன். "சிக்குன்குனியா வந்து ரெண்டு மாசம் ஆச்சுண்ணே. இப்ப பரவாயில்ல, தெரிஞ்சவர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டா வலியே தெரியாது" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னால் இதையே நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், கொசுவலை கட்டுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நானே செய்து, மாட்டிக்கொண்டு, இப்போது மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற தவறுகள் மட்டும்தான்.

நாள் குறித்து வைப்பது

"ஒரு மாதத்தில் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்வார்கள். முப்பதாம் நாள் காலையில் பாதத்தைத் தரையில் வைத்ததும் உயிர் போகும். அன்றைக்கு உடைந்துபோகிற மனசு லேசில் ஒட்டாது.

1952இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில்தான் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது. பெயரும் அங்கே பேசப்படும் மகோண்டே மொழியிலிருந்து வந்ததுதான். வலியில் உடம்பு வளைந்துபோவதைக் குறிக்கும் சொல். காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் போய்விடும். மூட்டு அப்படியில்லை. முதல் மூன்று வாரம் ஒரு கட்டம், அதிலிருந்து மூன்று மாதம் வரை அடுத்த கட்டம், அதற்கும் மேல் போனால் நாள்பட்ட நிலை என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். நிறையப் பேருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. வயது கூடியவர்கள், ஏற்கெனவே மூட்டுத் தொல்லை இருந்தவர்கள், ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள் ஆகியோருக்கு இழுக்கும். சிலருக்கு வருடக்கணக்கில்.

இழுக்கிற காலத்திலும் வலி ஒரே சீராகக் குறையாது. பத்து நாள் நன்றாக இருக்கும், பதினோராம் நாள் கணுக்கால் வீங்கும். உடனே மறுபடியும் கொசு கடித்துவிட்டது என்று வீடு முழுக்க மருந்தடிப்பவர்கள் உண்டு, நான் உட்பட. ஒருமுறை வந்தவருக்கு இந்தக் கிருமியின்மேல் நீண்டகால எதிர்ப்புச் சக்தி இருக்கும். அந்த வீக்கம் அநேகமாகப் பழைய கதையின் மிச்சம்தான்.

பேர் தெரியாத அந்தச் சின்ன மாத்திரை

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

நாலாவது மாதம் அது. காலையில் விரல்கள் மடங்காது. பிரஷ்ஷை முஷ்டியில் செருகிக்கொண்டு தலையை ஆட்டிப் பல் விளக்குவேன். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குவேன். அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் பாதி காலியான அட்டை ஒன்றைக் கையில் திணித்தார். "டாக்டரெல்லாம் வேண்டாம், இதைப் போடு, நாளைக்கே ஓடுவே."

ஓடினேன். அதுதான் பிரச்சினையே. மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானை நானே போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அட்டை தீர்ந்ததும் காலி அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் இன்னொன்று வாங்கினேன், அப்புறம் இன்னொன்று. மொத்தம் ஏழு வாரம். பசி நன்றாக எடுத்தது, முகம் கொஞ்சம் உப்பியது, "உடம்பு தேறிட்டே" என்றார்கள். பிறகு, குணமாகிவிட்டதே, எதற்கு மாத்திரை என்று ஒரு நாள் நானாகவே நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. குமட்டல், தலைச்சுற்றல், எல்லா மூட்டும் ஒரே நேரத்தில். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மாத்திரையைத் திரும்பப் போட்டேன். சாயங்காலமே எழுந்து நடந்தேன். "பார், இதுதான் மருந்து" என்று முடிவுகட்டினேன். இப்படி ஏமாந்த ஆட்களை அதற்கப்புறம் குறைந்தது அஞ்சு பேரையாவது பார்த்துவிட்டேன்.

அது ஸ்டீராய்டு, வீக்கத்தை அமுக்கும் மருந்து. என் அட்டையில் இருந்தது பீட்டாமெத்தசோன். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் எல்லாம் அதே குடும்பம். அளவு 0.5 மில்லிகிராம்தானே என்று ஏமாறக்கூடாது. அந்த 0.5 மில்லிகிராம், ஏறக்குறைய 3 முதல் 4 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். நம் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இதே வேலையைச் செய்யும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைத் தினமும் தாமாகவே சுரக்கின்றன. வெளியிலிருந்து வாரக்கணக்கில் கொடுத்தால் அவை வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை விட்டால் உடம்பில் மாத்திரையும் இருக்காது, சொந்தக் கார்ட்டிசோலும் இருக்காது. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடைசியில் மூட்டு நோய் மருத்துவரிடம் போனேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். பேர் தெரியாது. காலி அட்டையை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சர்க்கரை எகிறியிருந்தது. கூடவே டைக்ளோஃபெனாக் என்ற வலிமாத்திரையும் போட்டதால் வயிறு புண்ணாகியிருந்தது. ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கி வைத்திருந்ததால், மூட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்றும் அவரால் உடனே சொல்ல முடியவில்லை. அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வெளியே வர ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதம் படுத்திய பாட்டில் பாதிகூட இருக்காது, சிக்குன்குனியா படுத்திய பாடு.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்பட்டால் மருத்துவரே கொஞ்ச நாளைக்கு எழுதுவார், எப்படிக் குறைப்பது என்றும் எழுதுவார். இன்னொருவர் அட்டையிலிருந்து எடுத்துப் போடுவதைத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே சில வாரங்களாகப் போட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துப் பயந்து இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

அந்தத் தம்பியிடம் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அதேதான்.

நல்ல நாளில் கடனையெல்லாம் தீர்ப்பது

வலி இல்லாத ஞாயிற்றுக்கிழமை வந்தால் பரணைச் சுத்தம் செய்வோம், மூட்டை துணியைத் துவைப்போம், பிழிவோம். பிழிவது மணிக்கட்டுக்கு எமன். அடி விழுவது அன்றைக்கு இல்லை, மறுநாளோ அதற்கடுத்த நாளோ. அதனால்தான் எது காரணம் என்று பிடிபடுவதில்லை. நான் ஒரு பழைய டைரியில் தினமும் இரண்டே வரி எழுதினேன்: என்ன செய்தேன், காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று. மூன்றே வாரத்தில் குற்றவாளி மாட்டினான். மாடிப்படி.

இப்போதும் நல்ல நாளில் முடிகிற வேலையில் பாதியோடு எழுந்துவிடுவேன். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள்.

படுத்தே கிடப்பது

அதுவும் கூடாது. அசையாத மூட்டு இறுகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விட்டு மெதுவாக மடக்கி நீட்டினாலே காலை இறுக்கம் கொஞ்சம் இளகும்.

முதல் வாரத்திலேயே கனமான வலிமாத்திரை

டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு ஆபத்து.

எல்லாப் பழியையும் சிக்குன்குனியா மேல் போடுவது

இராத்திரி விரல் மரத்துப்போய்த் தூக்கம் கலைந்தால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். மூன்று மாதம் தாண்டியும் இரண்டு கைகளிலும் வீக்கம் நிற்கிறதென்றால் முடக்குவாதத்துக்கான (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இரத்தப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிக்குன்குனியா போன பிறகு வரும் மூட்டழற்சி, பார்வைக்கு அச்சு அசல் முடக்குவாதம் போலவே இருக்கும்.

வாரத்துக்கு ஒன்று என்றால் வாரத்துக்கு ஒன்றுதான்

வலி அடங்காத சிலருக்கு, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை எழுதுவார்கள். மற்ற மாத்திரைப் பழக்கத்தில் இதையும் தினமும் போட்டுவிடும் தவறு உயிரையே வாங்கியிருக்கிறது. எனக்குச் செவ்வாய்க்கிழமை. அட்டையின் பின்பக்கம் மார்க்கரால் "செவ்வாய் மட்டும்" என்று எழுதி, மற்ற மாத்திரைகளோடு சேர்க்காமல் வேறு டப்பாவில் வைத்திருக்கிறேன்.