கென்யா தேர்தல் முடிவை வீட்டிலிருந்தே சரிபார்ப்பது எப்படி?

என் மகன் கென்யாவின் தலைநகர் நைரோபியில் வேலை பார்க்கிறான். 2022 ஆகஸ்ட்டில் அங்கே தேர்தல் முடிந்து முடிவு வரும்வரை, நீடாமங்கலத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. 2007 தேர்தலுக்கு அப்புறம் நடந்த கலவரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போன நாடு அது. அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே தவிக்கிற பெற்றோருக்குச் சொல்கிறேன்: வாட்ஸ்அப்பில் வரும் எண்ணை நம்பாதீர்கள், படிவத்தைப் பாருங்கள்.

ஆசிரியையாக இருந்ததால் பல தேர்தல்களில் பூத் வேலை பார்த்திருக்கிறேன். நாம் எத்தனை ஓட்டு பதிவானது என்ற கணக்கை 17சி படிவத்தில் எழுதி, மெஷினுக்கு சீல் வைத்து அனுப்பிவிடுவோம். எண்ணுவது வேறு இடத்தில், வேறு நாளில். கென்யாவில் சீட்டு ஓட்டு. பூத்திலேயே எண்ணி, 34ஏ படிவத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுகிறார்கள். 2022-ல் 46,000-க்கு மேற்பட்ட பூத்களின் அதிபர் தேர்தல் படிவங்களைத் தேர்தல் ஆணையம் இணையத்திலும் போட்டது.

படிவத்தைத் திறந்ததும் பதிவான வாக்காளர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு பூத்துக்கு 700 பேர்தான் உச்சம். வேட்பாளர்களின் ஓட்டைக் கூட்டினால் செல்லுபடியான ஓட்டு வர வேண்டும். அதோடு செல்லாத ஓட்டைச் சேர்த்தாலும் வாக்காளர் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஒரு படிவத்தில் 7-ஆ 1-ஆ என்று புரியாமல், படத்தைப் பெரிதாக்கி, நோட்டில் இரண்டு தரம் கூட்டினேன். 1 என்று வைத்தபோதுதான் மொத்தம் சரியாக வந்தது. ஏஜென்ட்டுகளின் கையெழுத்தையும் முத்திரையையும் விடாதீர்கள். அப்புறம் தொகுதிக்கான 34பி-யில் அதே பூத்தின் வரியோடு ஒப்பிடுங்கள். 34சி நாடு முழுவதற்குமானது.

அதிபராக, பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது. நம் மாவட்டம் மாதிரியான 47 கவுண்டிகளில் 24-லாவது கால் பங்கு ஓட்டு வேண்டும். 2022-ல் ஜெயித்த ரூட்டோவுக்குக் கிடைத்தது 50.49 சதவீதம்தான். யாருக்கும் இந்த இரண்டும் அமையாவிட்டால் முதல் இருவருக்குள் மறுபடி தேர்தல்.

முடிவு அறிவிக்க 7 நாள், வழக்குப் போட 7 நாள், உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 14 நாள். 2017-ல் அதிபர் தேர்தலையே ரத்து செய்த நீதிமன்றம் அது. ஆகவே அறிவிப்போடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கான அரிசி பருப்பை முன்கூட்டியே வாங்கி வைக்கும்படி மகனிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.