ஒரே வைகை, நாலு விதமான எழுத்து: ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி?

"ஒப்பிடுக"ன்னு கேள்வி வந்தாலே நெறைய பிள்ளைங்க ரெண்டு நூலோட கதைச்சுருக்கத்த அடுத்தடுத்து எழுதி வச்சுட்டு வந்துர்றாங்க, அது ஒப்பீடே இல்ல. நம்மூரு மதுரை வைகைய வச்சே இத பழகிறலாம்.

ஸ்டெப் 1: தலைப்ப சுருக்குங்க. "வைகை"ன்னு மொத்தமா எடுத்தா கரையேற முடியாது. "வைகை நெறஞ்சு ஓடுறப்ப"ன்னு எடுங்க, போதும்.

ஸ்டெப் 2: பரிபாடல் (முழுசா கிடைச்ச 22 பாட்டுல 8 வையைக்குத்தான், அதாவது வைகைக்கு), சிலப்பதிகாரத்துல புறஞ்சேரி இறுத்த காதை, திருவிளையாடல் புராணத்துல மண் சுமந்த படலம், அப்புறம் வைகை அணை திறக்கும்போது பேப்பர்ல வர்ற நியூஸ், இந்த நாலையும் எடுத்துக்கங்க. உரையோட இருக்கறதா பாத்து எடுங்க, மூலத்த மட்டும் வச்சுக்கிட்டு ஆரம்பத்துலயே கஷ்டப்பட வேணாம்.

ஸ்டெப் 3தான் முக்கியம். நாலுகிட்டயும் ஒரே ரெண்டு கேள்விய கேளுங்க. தண்ணிய அனுப்புனது யாரு? கரையில இருக்கறவங்க என்ன செய்றாங்க?

பரிபாடல்ல மலையில மழை பேயுது, ஆறு தானா பொங்கி வருது, சனங்க சந்தனமும் நகையுமா யானை குதிரையோட புதுப்புனலாட ஓடுறாங்க. புராணத்துல அனுப்புறது சிவன், மாணிக்கவாசகருக்காக. கரைய அடைக்க ஊருக்கே பங்கு பிரிச்சுக் குடுக்குறாங்க, ஆளில்லாத வந்திக்கெழவிக்கு சிவனே கூலியாளா வந்து உதிர்ந்த பிட்ட வாங்கித் திங்கிறாரு (ஆவணி மூலத்துக்கு புட்டுத்தோப்புல இன்னைக்கும் இது நடக்குது). நியூஸ்ல "திறந்துவிடப்பட்டது", அனுப்புன ஆளே வாக்கியத்துல இல்ல, அணையோட 71 அடியும் கனஅடிக் கணக்கும்தான் இருக்கும், கரையோர மக்களுக்கு "ஆற்றில் இறங்க வேண்டாம்".

சிலம்புகிட்ட மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்க. கண்ணகிக்கு வரப்போறது வையைக்குத் தெரிஞ்சிருச்சாம், அதான் பூவாடைய போத்தி, "கண்நிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி", அதாவது கண்ணு நெறஞ்ச தண்ணிய மறைச்சு அடக்கிக்கிட்டு போறாளாம். ஆனா கண்ணகியும் கோவலனும் "புனல்யாறு அன்று இது பூம்புனல் யாறு" (இது தண்ணி ஆறு இல்ல, பூ ஆறு)ன்னு கும்பிட்டுட்டு, கூட வந்த சமணத் துறவி கவுந்தியடிகளோட மரப்புணையில (தெப்பத்துல) அக்கரைக்குப் போயிர்றாங்க! ஆத்துக்குத் தெரியுது, படிக்கிற நமக்குத் தெரியுது, அவங்களுக்கு மட்டும் தெரியல. முடிவு தெரிஞ்சு சொல்ற காப்பியத்தாலதான் இப்படி முடியும், நியூஸ் எழுதுறவருக்கு நாளைக்கு என்ன நடக்கும்னே தெரியாதே.

ஸ்டெப் 4: எதுல எது இல்லைன்னு குறிங்க. பரிபாடல் வெள்ளத்துல பயம் ரொம்பக் குறைவு, நியூஸ்ல சந்தோசம் இல்ல. தண்ணி வந்தன்னைக்கு ஏ.வி. மேம்பாலத்துல நின்னு எடுத்துப் போடுற வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் இதுல சேத்துப் பாருங்களேன், அது நியூஸ விட பரிபாடலுக்குத்தான் கிட்டக்க வரும்.

ஸ்டெப் 5: எழுத உக்காரும்போது நூல் பேர வச்சு பத்தி பிரிக்காதீங்க, கேள்விய வச்சு பிரிங்க. ஒரு கேள்விக்கு ஒரு பத்தி, அதுக்குள்ள நாலும் வரணும், ஒவ்வொன்னுக்கும் மூலத்துலருந்து ஒரு வரியாவது இருக்கணும்.