இயற்கைப் பாதுகாப்பில் இறங்கும் இளையர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேசிய சேவை முடிந்து படிப்பு தொடங்கும் வரை கிடைக்கும் மாதங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியின் நீண்ட விடுமுறை என்று ஏதோ ஓர் இடைவெளியில்தான் நம் இளையர் பலர் இயற்கைப் பாதுகாப்புத் தொண்டூழியத்துக்குள் வருகிறார்கள். சிலருக்கு அங்கேயே “இதையே வேலையாகச் செய்யலாமே” என்று தோன்றிவிடுகிறது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த ஆசையோடு வருபவர்களும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் சில உண்டு.

முதலாவது, மணிக்கணக்கை மட்டும் சேர்ப்பது. பள்ளியில் தொண்டூழிய நேரத்தை எண்ணியே பழகிவிட்டதால் இந்த வாரம் மரம் நடுவார்கள், அடுத்த வாரம் வண்ணத்துப்பூச்சி எண்ணுவார்கள், அதற்கடுத்த வாரம் வேறு எங்காவது போவார்கள். எல்லாமே நல்ல வேலைதான். ஆனால் ஒரே இடத்துக்கு மாதாமாதம் போகிறவருக்குத்தான் அங்கே எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று கண்ணில் படும். மண்டாய் சேற்றுநிலத்தில் சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தின் தொண்டூழியர்கள் கைவிடப்பட்ட வலைகளில் சிக்கிய குதிரைலாட நண்டுகளை விடுவித்து, அளந்து, குறித்துக்கொள்கிறார்கள். அவற்றை வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, ஓட்டின் இரு பக்கமும் பிடிக்க வேண்டும். இதெல்லாம் கைக்குப் பழக ஒருநாள் போதாது.

என்னைக் கேட்டால், எழுதி வைக்காமல் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. செக் ஜாவாவை நினைத்துப் பாருங்கள். புலாவ் ஊபின் தீவின் அந்தக் கடலோரத்தை மண்ணிட்டு மூடத் திட்டம் இருந்தது. 2001இல் ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் நீர்வற்றும் நேரம் பார்த்துப் போய், அங்கே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று பதிவு செய்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ‘அழகான இடம், விட்டுவிடுங்கள்’ என்று மட்டும் கேட்டிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகமே. கையில் உயிரினப் பட்டியல் இருந்தது. அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு இங்கே 1992 முதல் நடக்கிறது. அதிலும் குப்பையை வகை பிரித்து எண்ணிக் குறிப்பது பாதி வேலை. வெயிலில் களைத்துப்போய் “ஏதோ ஓர் எண் போடு” என்று சொல்லிவிட்டால் அந்தக் காலைநேர உழைப்பில் பாதி வீண். நாள், இடம், நீர்மட்டம், பார்த்தது, செய்தது என ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வேலைக்கான நேர்காணலில் பேசவும் அதுதான் கைகொடுக்கும்.

அப்புறம், ஆர்வத்தால் வரும் கேடு. சான்சிபார் வள்ளிக்கொடி நம் காட்டோரங்களில் மரங்களை மூடிப் படரும் அந்நியத் தாவரம். கொடியை இழுத்துப் போட்டுவிட்டு, இலைக்கணுவில் காய்க்கும் சிறு கிழங்குகளைத் தரையில் சிந்தவிட்டால் அவை மறுபடி முளைக்கும். அவசரப்படாமல் பொறுக்கி எடுக்கவேண்டும். ஆந்தைக் கூட்டைப் படமெடுத்து இடக்குறியோடு இன்ஸ்டாகிராமில் போடுவதும் இதே வகைதான். மறுநாளே கேமராக்கூட்டம் கூடிவிடும், தாய்ப்பறவை மிரளும். வீட்டில் வளர்த்த ஆமையைக் குளத்தில் விடுவதும், காட்டுக் குரங்குக்குத் தீனி போடுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தீனி போட்டு முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். இயற்கை வனப்பகுதியிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதுகாக்க வந்தவர் இப்படி மாட்டிக்கொண்டால் அந்தத் துறையில் யார் நம்புவார்கள்?

உயிரியல் பட்டம் இருந்தால்தான் வேலை என்று நினைத்து ஒதுங்குவதும் தவறு. தேசியப் பூங்காக் கழகம் ஒன்றுதான் வேலை தரும் என்பதும் அப்படியே. மரங்களின் நலம் பார்க்கும் ஆர்பரிஸ்ட், கட்டுமானத்துக்கு முன் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயும் ஆலோசனை நிறுவனங்கள், வரைபடத் தரவு, நாற்றங்கால், வழிகாட்டிப் பணி என்று வாசல்கள் பல. ஆர்பரிஸ்ட்டுக்கான அனைத்துலகச் சான்றிதழுக்குப் படிப்போடு களப்பணி அனுபவத்தையும் பார்ப்பார்கள். “இதுல என்ன சம்பளம் வரும்?” என்று வீட்டில் கேட்டால் கோபப்படாதீர்கள். நியாயமான கேள்விதான். வேலை விளம்பரங்களை எடுத்து அப்பா அம்மா முன் வையுங்கள்.

நம் பிள்ளைகள் தமிழை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதும் எனக்கு வருத்தம்தான். சுங்கை பூலோவில் அலையாத்தி மரங்களைப் பார்க்கும் தமிழ்த் தாத்தா பாட்டிக்கு, தமிழ்நாட்டுப் பிச்சாவரத்தில் இருப்பதும் இதே மாதிரிக் காடுதான் என்று தமிழில் சொல்ல ஓர் இளையர் இருந்தால் எவ்வளவு நல்லது! உங்களுக்குத் தமிழில் வழிகாட்ட வரும் என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள், விண்ணப்பத்திலும் எழுதுங்கள்.

சான்றுக்கடிதம் கேட்பதையும் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். உங்களைச் சேற்றில் நேரில் பார்த்த ஒருங்கிணைப்பாளர் வேறு வேலைக்கு மாறிப்போவதற்கு முன்பே, நீங்கள் செய்த பணிகளின் பட்டியலோடு போய்க் கேளுங்கள். பட்டியல் கையில் இருந்தால் அவராலும் விவரமாக எழுத முடியும்.