துருப்பிடித்து இறுகிய பிரேக் டிரம்மைக் கழற்றும் முறை

இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், ஓடாமல் நிற்கும் பழைய காரின் பின்சில்லு டிரம்கள் (சில்லோடு சேர்ந்து சுற்றும் பிரேக் உருளைகள்) விரைவிலேயே இறுகிவிடுகின்றன. ஈரத்தோடு நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைப்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். டிரம் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் சுத்தியலை எடுத்தால், வார்ப்பிரும்பு வெடித்துப்போகக்கூடும்.

சரிவான முற்றத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. ஹேண்ட் பிரேக்கை முழுமையாகத் தளர்த்த வேண்டும்; மொரிஸ் மைனர் போன்ற பின்சில்லு இழுவைக் கார்களில் கியரில் போட்டுவைப்பதாலும் பயனில்லை, ஏனெனில் கியர் பிடிப்பது நாம் தூக்கிவைத்திருக்கும் அதே சில்லுகளைத்தான். ஆகவே மட்டமான, கெட்டியான தரையில் முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரவும்.

இனி சில்லைக் கழற்றிவிட்டு, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்கவும். அசையவே மறுத்தால் லைனர் (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிரேக் பிடிக்கும் பட்டை) டிரம்மோடு துருவால் ஒட்டியிருக்கிறது. தாராளமாகச் சுற்றியும் வெளியே வரவில்லையென்றால், நடுத்துளை ஹப்பின், அதாவது சில்லு பொருந்தும் நடுப்பகுதியின், கழுத்தில் இறுகியிருக்கிறது. சிறிது வெளியே வந்து மீண்டும் உள்ளே இழுத்துக்கொண்டால், தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் எழும்பிய வரம்பு லைனரில் மாட்டுகிறது. அப்போது லைனருக்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்துவதுதான் வழி, அடிப்பது அல்ல.

மொரிஸ் மைனரில் டிரம்மின் முகப்பில் பதிந்திருக்கும் இரண்டு திருகாணிகளை முதலில் கழற்ற வேண்டும். அவற்றின் தலை மழுங்கியிருந்தால், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் ஸ்குரூ டிரைவர் சாதாரணமானதைவிடப் பன்மடங்கு உதவும். சில முன்சில்லு இழுவைக் கார்களில் பின் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. அங்கே நடுவிலுள்ள மூடியையும், நட்டு கழலாமல் தடுக்கும் கொட்டர் பின்னையும், நட்டையும் கழற்றாமல் எவ்வளவு தட்டினாலும் டிரம் வராது.

ஹப்பில் இறுகியிருந்தால், கழுத்தைச் சுற்றியும், சில்லைப் பூட்டும் ஸ்டட்களின் அடியிலும் துருநீக்கி எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு விட்டுவிடுவது நல்லது. இந்த இடத்தில் பொறுமை மலிவானது, புது டிரம் அப்படியல்ல. பிறகு ஸ்டட்களுக்கு இடைப்பட்ட முகப்பில், மரக்கட்டையை வைத்து, டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டவும். விளிம்பில் அடிக்கக் கூடாது. பல ஜப்பானியக் கார்களின் டிரம்மில் 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கான இரண்டு மரைத்துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்களை ஏற்றி மாறிமாறிக் கால் சுற்றாக இறுக்கி, இடையிடையே முகப்பைத் தட்டினால், 'டக்' என்ற சத்தத்தோடு துருப்பிடி விடும். டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டில் நெம்புகோல் ஊன்றி நெம்பினால் தகடு வளைந்துவிடும். தீ வைத்துச் சூடாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: எண்ணெய் பற்றிக்கொள்ளலாம், உள்ளேயிருக்கும் பிரேக் சிலிண்டரின் ரப்பரும் கருகிவிடும்.

கழன்றவுடன் உள்ளே படிந்த தூசியை ஊதக் கூடாது. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டஸ் இருக்கலாம். சவர்க்கார நீரால் நனைத்துத் துடைக்கவும். டிரம்மில் பொறித்துள்ள உச்ச விட்டத்தைத் தாண்டித் தேய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பூட்டும்போது ஹப்பின் கழுத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, லைனரில் படாதபடி செப்புக் கிரீஸை மெல்லியதாகப் பூசவும். ரம்பொடை போன்ற இறக்கத்துக்குக் கொண்டுபோகும் முன், மட்டமான வீதியில் மெதுவாக ஓட்டிப் பலமுறை பிரேக் பிடித்துப் பார்க்கவும்.