காசு அனுப்ப முதல் கேட்க வேண்டியவை

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகன் ஒவ்வொரு மார்கழியும் தவறாமல் அழைப்பான். "மாமா, இந்த முறை ஆருக்குக் குடுப்பம்?" மட்டக்களப்பில் 26 வருடம் விதானையாராக (கிராம சேவகராக) இருந்து, நிவாரணப் பட்டியல்கள் எழுதியவன் நான். உதவிக் காசு அனுப்ப முன் என்ன கேட்கவேண்டும் என்று அவனுக்குச் சொல்வதை இங்கேயும் எழுதுகிறேன்.

2004 சுனாமிக்கு அடுத்த வருடம் என் பிரிவில் ஒரு நிறுவனம் ஃபைபர் படகுகள் கொடுத்தது. கரையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். வாவியில் வீச்சுவலை எறிந்து சீவித்தவருக்கும் கடல் படகுதான், அதுவும் எஞ்சின் இல்லாமல். ஒரு மாரி கழிந்து போய்ப் பார்த்தேன். தென்னைக்குக் கீழே கிடந்த படகுக்குள் மழைத்தண்ணீர் நின்று நுளம்பு பெருகியிருந்தது. "எனக்கு ஒரு தோணியும் வலையும் போதும் எண்டு கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன் ஐயா" என்றார் அந்தப் படகு கிடைத்த வாவி மீனவர். அதை நான் மறக்கவில்லை.

அதனால், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. கொடுத்து ஒரு வருடம் கழித்து யார் போய்ப் பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்று கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். போன வருடம் எந்த வேலை சரிவரவில்லை என்றும் கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்கிறவர்களிடம் காசைக் கொடுக்கலாம்.

அடுத்து, உங்கள் காசு வராவிட்டாலும் அந்த வேலை நடந்திருக்குமா என்று பாருங்கள். யுத்தம் முடிந்த காலத்தில் பெரிய ரோட்டு ஓரத்து ஊர்களில் நிறுவனப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. ஒரே வீட்டில் இரண்டு தையல் மெஷின் பார்த்திருக்கிறேன். தைக்கத் துணி கொண்டுவர ஆள் இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரைக்கு மண்முனையால் போக, 2014இல் அங்கே பாலம் திறக்கும்வரை, பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நிற்கவேண்டும். அங்கே உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் பலகை குறைவு, தேவை அதிகம். காபெட் ரோடு முடிந்த பிறகும் உள்ளே போகிற அமைப்பு எது என்று விசாரியுங்கள்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு திட்டத்தில் ஆடு கொடுத்தார்கள். மிருக வைத்தியரைக் கூட்டிவர, வாரம் ஒருமுறை வந்து பார்க்க, சம்பளத்துக்கு ஒருவரையும் வைக்கவில்லை. செலவு குறைவுதான், ஆனால் மாரிக்குள் பாதி ஆடு செத்துப்போனது. மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகத் திரியும் ஓர் ஊழியருக்குக் கொடுக்கும் சம்பளம் வீண்செலவே இல்லை.

பதிவையும் பாருங்கள். தொண்டு அமைப்புகளைப் பதியும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்பா என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரிக்கலாம். சிலர் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்திருப்பார்கள். கணக்காய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பதிவு இருப்பதால் மட்டும் வேலை நல்லது என்று ஆகாது.

இனிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. பாதிக் காசை நான் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பச் சொல்கிறேன். "ஊர்க்காசு ஊருக்குத்தானே மாமா?" என்றான் மருமகன். 1968இல் எனக்கு எட்டு வயது. வெல்லாவெளிப் பக்கம் வீடு. குலைப்பன் காய்ச்சலில் (மலேரியாவில்) மூன்று பாய் போர்த்தும் நடுக்கம் நிற்கவில்லை. குளிசையின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா என்று இருந்தது. கவனம் தளர்ந்ததும் நான்கைந்து வருடத்தில் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. பிறகு வீட்டுச் சுவருக்கு மருந்தடித்து, நுளம்பு வலை கொடுத்து, காய்ச்சல்காரரின் இரத்தத்தைச் சோதித்து, 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே காய்ச்சலில் இன்றும் வருடத்துக்கு 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சாகிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் சிறு பிள்ளைகள். வலை விலை சில டாலர்தான். அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய கிவ்வெல், எந்த அமைப்பில் எவ்வளவு காசுக்கு ஓர் உயிர் தப்புகிறது என்று கணக்குப் பார்த்து, கணக்கையும் தன் பிழைகளையும் வெளியிடுகிறது. வலை கொடுக்கும் அகெயின்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷனை அவர்கள் பட்டியலில்தான் அறிந்தேன்.

மற்றப் பாதி படுவான்கரையில் ஒரு மாதர் சங்கத்துக்கு. தோட்டக் கிணற்றுக்குப் புது மோட்டர் வாங்கிக் கொடுப்பதாகத்தான் மருமகனின் எண்ணம். அனுப்ப முதல் தலைவியிடம் பேசினேன்.

"மோட்டர் வேணாம் அண்ணன். பழையதைத் திருத்தினாப் போதும். மிச்சத்துக்குக் குழாய் எடுத்துத் தாங்க, கடைசி நாலு வளவுக்குத் தண்ணி எட்டுதில்ல."

குழாய்தான் வாங்கினோம். ஆடியில், கிணறு வற்றும் நேரம், அந்த நாலு வளவையும் பார்க்கப் போகிறேன்.