வலிப்பு மாத்திரையை அட்டையோடு வெட்டி வையுங்கள்

ஒரு வாரத்து வலிப்பு மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைக்கும்போது உறையை உரிக்காதீர்கள். கத்தரிக்கோலால் அட்டையோடு ஒவ்வொன்றாக வெட்டிப் போடுங்கள். சோடியம் வால்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தைச் சட்டென்று இழுத்துப் பிசுபிசுத்துவிடும். கார்பமசெபைன் இன்னும் மோசம்: ஈரம் ஏறினால் இறுகிப்போய், பலனில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். ஐப்பசி மழையில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அடுப்படி உப்பே தண்ணீர் விட்டு நிற்கும். உரித்த மாத்திரை எப்படித் தாங்கும்? அப்புறம், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கண் மங்கிய, மறதியுள்ள பெரியவர்களுக்கு மட்டும் இது வேண்டவே வேண்டாம். உறையோடு விழுங்கிவிட்டால் அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழித்துவிடலாம். அவர்களுக்கு அந்தந்த வேளையில் நீங்களே உரித்துக் கையில் கொடுங்கள்.